ஒரு நாள் வேலை, ஒரு தரம்... இரண்டு தரம்...

நான் அமெரிக்காவுக்குப் போனதில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பாறசாலைப் பக்கத்தில் கழித்த ஐந்து நாட்களில் இதைக் காது கொடுத்துக் கேட்க ஒருவருக்கும் அவகாசம் இல்லை. திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு, எடைக்கு வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வைத்து, அமெரிக்காவைப் பற்றி ஒரு வார இதழில் பன்னிரண்டு வாரம் எழுதினேன். அதில் கப்பல் பயணத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆகவே நான் விமானத்தில் போனதாக வாசகர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த வாசகர்களில் ஒருவர் பாறசாலை வாசகசாலையின் செயலாளர். ‘அமெரிக்க அரசியலும் தொழில் முன்னோடிகளும்’ என்ற பொருளில் வந்து பேச வேண்டும் என்று எழுதியிருந்தார். ‘தாங்கள் நேரில் கண்டவற்றை’ என்று அடிக்கோடு வேறு. மறுத்து எழுதத்தான் உட்கார்ந்தேன். கடிதத்தின் கடைசி வரியில், சன்மானமாக ரசகதலி வாழைப்பழக்குலை ஒன்று அளிக்கப்படும் என்றிருந்தது. மறுப்பை மடித்து வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

எங்கள் தெருவில் ஆரல்வாய்மொழிக்கு மேற்கே போவதை வெளிநாட்டுப் பயணமாகத்தான் கருதுவார்கள். மனைவி ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். அடுத்த வீட்டுக்காரர் கை குலுக்கினார்.

நான் போன சமயம் அங்கே எல்லைக் கிளர்ச்சி. தெற்கே தமிழ் பேசுகிற தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி. சேர்க்கக் கூடாது என்று மறு கட்சி. நெய்யாற்றின்கரைத் தாலுகா நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தது. அங்கே வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, கனவில் எது வருகிறதோ அது. இந்த நிலையில் பஸ் ஓர் ஊரில் நின்றது. பெயர்ப் பலகையில் தமிழ் எழுத்தின் மேல் ஒரு கட்சி தார் பூசியிருந்தது. மலையாள எழுத்தின் மேல் மறு கட்சி பூசியிருந்தது. இருவரும் ஒரே கடையில் தார் வாங்கியிருக்க வேண்டும், மினுமினுப்பில் வித்தியாசமே இல்லை.

பக்கத்தில் இருந்தவரிடம், “இது எந்த ஊர்?” என்று கேட்டேன்.

“அதத்தானே சாரே ரெண்டு கூட்டரும் அடிச்சுத் தீர்மானிக்கியாவ” என்றார்.

அவர் தத்துவத்தை நான் ரசித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அதுதான் பாறசாலை. நான் இறங்கியது உதியன்குளங்கரையில்.

சாலையோரத்தில், மலை விளைபொருள் வாங்கி விற்கிற ஒரு மலஞ்சரக்குக் கடை. நல்லமிளகும் சுக்கும் ரப்பர் ஷீட்டும் சேர்ந்து அடித்த வாசனையில் இரண்டு தும்மல் போட்டேன். அதையே வணக்கமாக ஏற்றுக்கொண்டு கடைக்காரர் ஸ்டூலைத் தள்ளினார். பெயர் கேசவன், ஊரில் கேசவன் முதலாளி. பால் விடாத கட்டன் சாயாவும் வாழைப்பழமும் வரவழைத்தார். யார் வீட்டுக்கு என்று மலையாளத்தில் கேட்டார். ஆரியங்கோட்டு ரப்பர் எஸ்டேட் சாமுவேல் முதலாளி வீட்டில் தங்கப் போகிறேன் என்றதும் சடாரென்று தமிழுக்கு மாறினார்.

“அவனா? எனக்கக் கூடப் படிச்சவனாக்கும். ஒரே பெஞ்சு. இப்ப அவனுக்கு நெய்யாற்றின்கரை மெட்ராசோட சேரணுமாம். எனக்க நல்லமொளகுக்கு மெட்ராசில எவன் வெல சொல்லுவான்? நீங்க தமிழ்க் கட்சியா?”

“எனக்கு எந்தக் கட்சியிலும் இடம் கொடுக்கவில்லை” என்றேன்.

“செரி, அப்ப ஒரு பழம் கூடத் தின்னுங்க.”

இரண்டாவது பழத்தில் வாசகசாலைச் செயலாளர் ஞானதாஸ் என்னைத் தேடிச் சைக்கிளில் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், மருந்துக்கடைக் கம்பவுண்டர். என் பெட்டியை முன்னாலும் என்னைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டார். மேடும் பள்ளமுமான ஊர். முதல் இறக்கத்தில்தான் பிரேக் எங்கே என்று கேட்டேன்.

“பிரேக்கு இல்ல சார். எறக்கம் வந்தா கண்ண மூடிக்கிடுங்க. நானும் அப்படியாக்கும்.”

ஆரியங்கோட்டை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் அடைந்தேன்.

சாமுவேல் முதலாளி அமெரிக்காவின் பக்தர். வெள்ளை ஜிப்பா, பெரிய மீசை, பெரிய வீடு. முன்னறைச் சுவரில், கார் செய்து கோடீசுவரரான ஓர் அமெரிக்கரின் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். விடிவதற்கு முன் எழுவதுதான் அவருடைய வெற்றியின் ரகசியம் என்று எனக்கு விளக்கினார். இவர் வெற்றியிலும் விடிவதற்கு முன் எழுகிறவர்கள் உண்டு. அவர்கள் இவருடைய ரப்பர் மரங்களில் பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறவர்கள்.

நான் அமெரிக்காவிலிருந்து வந்தவன் என்பதால் இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் முள்கரண்டியும் வைத்தார்கள். அடுக்களையிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் மணத்தன. “நான் அமெரிக்காவுக்கு...” என்று ஆரம்பித்தேன். “தெரியும் சாரே, அவிடத்த சாப்பாடு நமக்கு எங்க கெடைக்கும்? மன்னிக்கணும்” என்று இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தார். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அமெரிக்காவை விழுங்கினேன்.

சனிக்கிழமை காலை சாரல். எஸ்டேட் புரையில், அதாவது ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கிற கொட்டகையில், பதினாறு பேர் வெட்டுக்கத்தியோடு நின்றார்கள். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் தேங்காய்ச் சிரட்டையில் இறங்காமல் பட்டை வழியாக வழிந்து போய்விடும். வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. ஆனால் மழை நிற்குமா நிற்காதா என்று தெரியாததால் அவர்கள் வந்து நின்றாக வேண்டும். வராமல் இருந்து மழை நின்றுவிட்டால் அடுத்த நாள் வேலை இல்லை.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் முன்னால் வந்தாள். சாறம்மை என்று பெயர். மரத்துக்கு நோகாமல் வெட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவளுக்கு இணை இல்லை என்று ஞானதாஸ் முன்பே சொல்லியிருந்தார்.

“மொதலாளி, இந்த மாசம் பாதி நாளும் மழை. மூணு மைலு நடந்து வந்து நின்னுட்டுப் போறோம். வந்து நின்ன நாளைக்குப் பாதிக் கூலியாவது தரப்பிடாதா?”

“எட்டி, மழைய பெய்ய வச்சது நானா? கர்த்தர்ட்டப் போய் கேளு” என்றார் முதலாளி. ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான பதில் இது. பிறகு என்னைக் காட்டினார். “உச்சைக்கு எல்லாரும் வாசகசாலைக்கு வாங்க. சாரு அமெரிக்காவில மனுசன் எப்படி முன்னேறினான்னு சொல்லுவாரு. கேட்டுப் படியுங்க.”

மதியம் வாசகசாலையில் நல்ல கூட்டம். தமிழ்க் கட்சி இடது பக்கம், மலையாளக் கட்சி வலது பக்கம், பதினாறு ரப்பர் வெட்டுக்காரர்கள் தரையில். எல்லையைப் பற்றிப் பேசத் தடை இருந்ததால்தான் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தார்களாம். தடை மீறப்படுகிறதா என்று பார்க்க ஒரு ஹெட் கான்ஸ்டபிள் முதல் வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு கவனமாக என் பேச்சை யாரும் இதுவரை குறிப்பெடுத்ததில்லை.

துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதையோடு தொடங்கினேன். காரோடு ஊரிலிருந்து வந்த ஒரு மீன்காரர், “அப்ப அண்ணைக்கு மீனுக்கு ஒறக்கம் வந்திருக்காது” என்றார். அங்கே ஒரு கட்சிக்குச் சின்னம் யானை, இன்னொரு கட்சிக்குக் கழுதை என்றேன். “யானைய கையில வச்சிட்டுத் தோக்கவும் செய்வினுமா?” என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. உள்நாட்டுப் போருக்கு வந்தேன். “அப்போது தென் மாகாணங்கள் பிரிந்து போவதென்று தீர்மானித்தன” என்றேன். இடது பக்கம் இடி போலக் கைதட்டியது. ஹெட் கான்ஸ்டபிள் எழுந்தார். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “தெற்கு வேண்டாம் சார். தெற்கை விட்டுவிட்டுப் பேசுங்கள்.”

“தெற்கை விட்டுவிட்டால் பனி மட்டும்தான் மிஞ்சும்” என்றேன்.

“பனியைப் பற்றிப் பேசுங்கள். அதற்குத் தடை இல்லை.”

கடைசியில் ‘வரைபடத்தின் கீழ்ப்பக்கத்து மாகாணங்கள்’ என்பதில் உடன்பாடு ஏற்பட்டது. அதிபர் அவர்களைப் பிரிய விடவில்லை என்றதும் வலது பக்கம் அதே அளவு கைதட்டியது. ஹெட் கான்ஸ்டபிள் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்த ஞானதாஸ் எனக்கு ஜாடை காட்டினார்: கைதட்டல் இரண்டு பக்கமும் சமம் என்று எழுதியிருக்கிறாராம்.

பத்திரமான இடத்துக்குப் போய்விடலாம் என்று தொழில் முன்னோடிகளுக்குத் தாவினேன். கார் செய்த கோடீசுவரரை எடுத்தேன். விடியலில் எழுவார் என்றேன். சாமுவேல் முதலாளி தலையாட்டினார். கொஞ்சமாகச் சாப்பிடுவார் என்றேன், ஆட்டினார். வீண் செலவு பிடிக்காது என்றேன். மீசையும் சேர்ந்து ஆடியது. ஒரு மனிதர் இத்தனை ஒத்துழைப்புத் தரும்போது பேச்சாளனுக்குப் புத்தி மழுங்கிவிடும். குறிப்பில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

“திடீரென்று ஒரு நாள் அவர் தம் தொழிலாளர்களின் கூலியை இரண்டு மடங்காக்கினார்.”

முதலாளியின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

தரையிலிருந்து சாறம்மை எழுந்தாள். “என்னத்துக்குக் கூட்டினாரு சாரே?”

“ஆட்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்தி வைக்கத்தான். கூலி வாங்குகிறவன் காரும் வாங்கட்டுமே என்று இன்னொரு கணக்கும் உண்டு.”

“அந்த ஊருல மழை பெஞ்சா கூலி உண்டா?”

பன்னிரண்டு வாரக் கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை. நியாயக் கூலி பற்றி அதில் இரண்டு வாரம் எழுதியிருந்தேன்; முதல் வாரம் சொன்னதை இரண்டாம் வாரம் மறுத்திருந்தேன். வாசகர்கள் இரண்டையும் பாராட்டினார்கள். மழை எந்த வாரத்திலும் பெய்யவில்லை.

“அது தொழிற்சாலை. கூரை இருக்கிறது” என்றேன்.

“கூரைக்குக் கீழ நிக்கவனுக்கு ரெட்டிக் கூலி. மழையில நிக்கவனுக்கு ஒண்ணும் இல்ல. கொள்ளாம் சாரே, நல்ல நாடாக்கும்” என்று உட்கார்ந்தாள். இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது. அந்த வருஷங்களில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை என்று பிறகு சொன்னார்கள்.

கூட்டம் கலைந்ததும் வாசலில் சாமுவேல் முதலாளி சாறம்மையை நிறுத்தினார். “நாலு பேரு முன்ன என்னை எளக்காரம் பண்ணியாச்சு இல்லியா? திங்கக்கிழம முதல் நீ வேலைக்கு வரண்டாம்.”

அவள் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் கூட இல்லை. பஸ் தப்பவிட்டவனைப் பார்க்கிற பார்வை. நான் பேசி ஒருவர் உள்ளம் திருந்தியதாக இதுவரை தகவல் இல்லை. ஒருவர் வேலை போனது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும். அன்று இரவுச் சாப்பாட்டில் முதலாளியிடம் பரிந்து பேசப் போனேன். “சாரே, பேச்சு பிரமாதம். அந்தக் கடைசிக் காரியம் மட்டும் வேண்டாமாயிருந்து” என்று முட்டையை என் தட்டில் உருட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததில் முதலாவதைச் சபைக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். சேனை, சக்கை எனப்படும் பலா, வாழைக்குலை, கோழி, ஓர் ஆட்டுக்குட்டி. ஏலத்துக்கு மட்டும் எல்லா மதத்து வீட்டாரும் வருவார்கள். கேசவன் முதலாளி நெற்றியில் சந்தனத்தோடு முதல் வரிசையில் நின்றார். நல்ல வாழைக்குலையை வருஷா வருஷம் அவர்தான் எடுப்பாராம்.

வழக்கமாக ஏலம் விடுபவர் எல்லைக் கிளர்ச்சி ஊர்வலத்தில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டிக் கிடந்தார். போதகர் என்னைப் பிடித்தார். “நீங்க தமாஷாப் பேசுவிய. கேறி நில்லுங்க.” ஏறி நின்றேன்.

ஒரு முட்டை பதினோரு தடவை ஏலம் போனதைப் பார்த்தேன். வாங்கியவர் அதைத் திரும்பவும் சபைக்கே கொடுத்துவிடுவார், மறுபடியும் ஏலம். ஏறி ஏறி அது கோழியின் விலையைத் தாண்டியது. அமெரிக்காவில் இதே வேலையைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பங்குச் சந்தைத் தெரு ஒன்றில் செய்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அங்கே முட்டையை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்தது என்று இறங்கப் போனேன். பெண்கள் பக்கத்திலிருந்து சாறம்மை போதகரிடம் வந்தாள்.

“ஐயரே, எனக்கு வாழையும் இல்ல, கோழியும் இல்ல. ஒரு நாளு வேலை உண்டு. அத வைக்கேன். நாளைக்கு எனக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல.”

ஏன் வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார். “கையின் பிரயாசமும் பலன்தான்” என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

“திங்கட்கிழமை ஒரு நாள் வேலை!” என்று கூவினேன். கோழியைப் போல அதைத் தூக்கிக் காட்ட வழியில்லை. சாறம்மை கத்தியைத் தூக்கிக் காட்டினாள்.

அப்போது அங்கே ஒரு நாள் வெட்டுக்கூலி ஒன்றேகால் ரூபாய்.

“ரெண்டு ரூவா” என்றார் கேசவன் முதலாளி. அவருக்கும் பத்து ஏக்கர் ரப்பர் இருந்தது. நல்ல வெட்டுக்காரி கிடைக்காமல் மரமெல்லாம் புண்ணாகிக் கிடந்தது.

சாமுவேல் முதலாளி வானத்துப் பறவைகளை ரசிப்பவர் போல நின்றார். “ஒரு தரம்” என்றேன். தம்முடைய வெட்டுக்காரி திங்கட்கிழமை கேசவன் தோட்டத்தில் நிற்கும் காட்சி அவர் கண்ணில் வந்திருக்க வேண்டும்.

“மூணு!”

“அஞ்சு.”

“ஏழு!”

பத்தைத் தாண்டியதும் அது ஏலமாக இல்லை, எல்லைப் போராட்டமாகிவிட்டது. இடது பக்கமும் வலது பக்கமும் தானாகப் பிரிந்துகொண்டன. பத்து, இருபது, முப்பது எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுபோலவே ஒலிப்பதால், எந்தக் கட்சி எந்த மொழியில் கேட்கிறது என்றே தெரியவில்லை. கோபம் ஏறியதும் இன்னொரு விசித்திரம். தமிழ்க் கட்சிக்காரரான சாமுவேல் முதலாளி, “நினக்கு எந்தினாடா அவளெ?” என்று, அதாவது உனக்கு அவள் எதற்கு என்று, மலையாளத்தில் கத்தினார்.

மலையாளக் கட்சிக்காரரான கேசவன் முதலாளி தமிழில் திருப்பினார். “எலே சாமுவேலு, நீ வேண்டாமுண்ணு சொன்ன ஆளுதானலே? பின்ன என்னத்துக்குக் கெடந்து துள்ளுக?”

நான் நியாயமாக மூன்று தரம் சொல்லி எப்போதோ முடித்திருக்க வேண்டும். ஆனால் என் வாயால் போன வேலை அது. ‘இரண்டு தரம்’ என்பதைச் சங்கீத வித்துவான் போல இழுத்தேன். இழுக்க இழுக்க இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று ஏறியது. நாற்பத்தொரு ரூபாயில் கேசவன் முதலாளி சிரித்துக்கொண்டே பின்வாங்கினார். சாமுவேல் முதலாளி தாமே சனிக்கிழமை தூக்கி எறிந்த ஒரு நாளை ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொரு ரூபாய் கொடுத்து வாங்கினார். பணம் காணிக்கைத் தட்டில் விழுந்தது.

“நல்ல கச்சவடம், ஓய்” என்று அந்த வியாபாரத்தை மெச்சிவிட்டுக் கேசவன் முதலாளி வாழைக்குலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஊர் முழுவதும் ரசித்தது. சாறம்மை ரசிக்கவில்லை. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகும்போது ஞானதாஸிடம் காரணம் கேட்டேன். “நாற்பத்தோரு ரூவா சபைக்குப் போச்சு சார். செவ்வாக்கிழம முதல் அவளுக்குக் கூலி எங்க? வீட்டில ரெண்டு பிள்ளைய உண்டு” என்றார். இறக்கம் வந்தது. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது வானத்தையே பிளந்து கொட்டியது போல மழை.

புரைக்கு ஓடினேன். பதினாறு பேரும் வழக்கம்போல வந்து நின்றார்கள். சாறம்மை நடுவில், தலையில் மழைக்குக் கவிழ்த்த பனையோலைக் கொட்டு, கையில் கத்தி. சாமுவேல் முதலாளி குடையோடு வந்தார். அவருக்குப் பின்னாலேயே இன்னொரு குடை. கேசவன் முதலாளி.

“ஷீட்டுக்க வெல கேக்க வந்தேன்” என்றார். அந்த மழையில் நாலைந்து மைல் நடந்து யாரும் ஷீட் விலை கேட்க வரமாட்டார்கள்.

சாமுவேல் முதலாளி அவரைப் பார்க்காதது போல, “செரி எட்டி. இண்ணு மழை. நாளைக்கு வந்து வெட்டு” என்றார்.

“நாளைக்கா? நான் கர்த்தருக்கு வச்சது திங்கக்கிழமையாக்கும். செவ்வாக்கிழம எனக்கது.”

“நாற்பத்தோரு ரூவா குடுத்திருக்கேன்!”

“நான் மூணு மைலு நடந்து வந்து நிக்கேன் மொதலாளி. கத்தி கையில உண்டு. மழைய பெய்ய வச்சது நானா?”

பதினாறு பேரில் யாரோ இருமினார்கள். இருமல் இல்லை, அடக்கிய சிரிப்பு. கேசவன் முதலாளி அடக்கவும் இல்லை. “கர்த்தர்ட்டப் போய் கேளு, ஓய்!”

சாமுவேல் முதலாளி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடைசிப் புகலிடமாக என்னிடம் திரும்பினார். “சாரே, அமெரிக்காவில இதுக்கு என்ன செய்வினும்?”

“நான் அமெரிக்காவுக்குப் போனதில்லை” என்றேன். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சாறம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மொதலாளி, மழையப் பங்கு வைப்போம்” என்றாள் அவள்.

“மழையயா?”

“பாதி ஒங்களுக்கு, பாதி எங்களுக்கு. இண்ணைக்கு மழையில பாதி எனக்க பங்கு. அதுக்கு நாளைக்கு வந்து பாதி மரம் வெட்டித் தாறேன், கூலி வேண்டாம். பின்ன, இனி நாங்க வந்து நிக்கப்பட்ட நாளு மழை பெஞ்சா, பாதி ஒங்க பங்கு. பாதிக் கூலி தரணும். எனக்கு மட்டும் இல்ல, பதினாறு பேருக்கும்.”

“மத்த பாதி மரத்த யாரு வெட்டுவா?”

“நான்தான். அதுக்குக் கூலி உண்டு. வேலைக்கு வரண்டாமுண்ணு சொன்னத மாத்தணும்.”

முதலாளி கணக்குப் போட்டார். மறுத்தால் நாற்பத்தொரு ரூபாய்க்கு அவர் வாங்கியது ஒரு மழை என்றாகும்; மலஞ்சரக்குக் கடையில் சாயா குடிக்கிற ஒவ்வொருவரும் அந்த மழையைப் பற்றிப் பேசுவார்கள். ஒப்புக்கொண்டால் மழை பெய்கிற நாளெல்லாம் கூலி. நான் பார்த்த எந்தத் தொழில் முன்னோடியின் சரித்திரத்திலும் இப்படி ஒரு அத்தியாயம் இல்லை.

கேசவன் முதலாளி குடையை மடக்கி உதறினார். “அவன் யோசிச்சிட்டு நிக்கட்டு. சாறம்மை, நாளைக்கு எனக்கத் தோட்டத்துக்கு வா. மழையில பாதி நான் எடுத்துக்கிடுதேன்.”

“எலே, நீ ஷீட்டு வெல கேக்கத்தானே வந்த? கேட்டுட்டுப் போலே!” என்று சாமுவேல் முதலாளி பாய்ந்தார். பிறகு பதினாறு பேரையும் பார்த்தார். “எளவு, பாதின்னா பாதி. போங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

“இண்ணைக்குப் பாதிக் கூலி?” என்றாள் சாறம்மை.

“இண்ணைக்குமா?”

“வந்து நின்னாச்சே.”

தாலுகாவை எங்கே வெட்டுவது என்று கட்சிகளும் கமிட்டிகளும் வருஷக் கணக்காக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தன. அவள் மழையைக் கால் மணி நேரத்தில் இரண்டாக வெட்டிவிட்டாள், வெட்டு நேராகவும் இருந்தது. நான் இதைச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் முந்தாநாள் சொற்பொழிவின் விளைவு நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். அன்று மதியம் முதலாளி வீட்டில் எல்லோருக்கும் மனசு கலங்கியிருந்ததால் ரொட்டி வாங்க மறந்துவிட்டார்கள். எனக்கு மரச்சீனியும் சாளைக் குழம்பும் கிடைத்தன. காந்தாரி மிளகாயில் கண்ணீர் விட்டு அழுதேன். அமெரிக்கா நினைவு வந்துவிட்டது போல என்று முதலாளி ஆறுதல் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். சாறம்மை அதற்கு முன்பே தோட்டத்துக்குள் போய்விட்டாள். கூலியில்லாத பாதியை முதலில் முடித்துவிட்டாளாம். கூலியுள்ள பாதியில், ஒரு மரத்தின் அடியில் கத்தியை வைத்து நார் போலப் பட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. “போயிட்டு வாறேன்” என்றேன். “வாங்க அமெரிக்கா சாரே. அடுத்த தடவ வரும்போ அங்க மழையப் பத்திக் கேட்டுட்டு வாங்க” என்றாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஞானதாஸ் பெட்டியையும் பழக்குலையையும் சைக்கிளில் கட்டினார். கிழக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தோட்டத்துக்குள்ளிருந்து யாரோ உரக்கப் பாட ஆரம்பித்தார்கள்.

சாமுவேல் முதலாளி வாசற்படியில் நின்றார். வழியனுப்ப வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, கழுத்து வலிக்க, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எஸ்டேட்டில் அதுவரை வானத்தைப் பார்த்து நிற்பது கூலிக்காரர்களின் வேலையாக இருந்தது.